கொண்டை ஊசியின் வரலாறு: யூதேயா முதல் சந்திரகேதுகர் வரை

வரலாறு என்றால் நமக்கெல்லாம் அரசர்கள், போர்கள், கோயில்கள், கல்வெட்டுகள் என்றுதான் நினைவு ஓடும். வீட்டுப் பெண்கள் தினமும் கையாண்ட சின்னஞ்சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு என்பதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. இந்தக் கட்டுரையில் அப்படி ஒரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது கொண்டை ஊசி. அதன் உடன்பிறப்பான உடை ஊசியையும் சேர்த்துக்கொள்கிறேன். இன்று ஊக்கு, பின், புரோச் என்று பல பேரில் வழங்குவது அதுதான்.

கொல்கத்தாவில் இருக்கும் தமிழர் சங்க மலரில் யூதப் பெண்களின் ஊசிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் ஊருக்குப் பக்கத்திலேயே, பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கொண்டை ஊசிகளின் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. அதே காலத்து யூத நூல்களில் பெண்களின் ஊசியைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் பாலமாக இருந்தது நம் தமிழகத்துத் துறைமுகம். அதனால் இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு.

உடை ஊசியும் கொண்டை ஊசியும்

மேற்காசியாவில் பழங்காலத்தில் மக்கள் தடித்த கம்பளித் துணியைத் தோளில் போர்த்தினார்கள். கம்பளி கனமானது. வேட்டியையும் சேலையையும் போல இடுப்பில் சொருகினால் நிற்காது, தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். அதற்காகப் பிறந்ததுதான் உடை ஊசி.

கானான் நாட்டில், பின்னாளில் இஸ்ரவேலர் வாழ்ந்த அதே மண்ணில், கி.மு. 2000 முதல் 1550 வரையிலான வெண்கலக் காலக் கல்லறைகளில் இத்தகைய ஊசிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. மெகிதோ, எரிகோ போன்ற ஊர்கள் இதற்குப் பேர் பெற்றவை. ஒரு சாண் நீளமுள்ள வெண்கல ஊசி. நடுவில் ஒரு துளை. துளையில் நூலைக் கோத்து ஒரு நுனியைத் துணியில் தைத்திருப்பார்கள். துணியின் இரு ஓரத்தையும் சேர்த்து ஊசியைக் குத்தி, நூலை அதன்மேல் சுற்றிவிட்டால் துணி அவிழாது. எலும்புக்கூட்டின் தோளருகிலும் மார்பிலும் இவை கிடந்ததால்தான், இது கொண்டைக்கு உரியதல்ல, உடைக்கு உரியது என்று அகழ்வாய்வாளர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

கி.மு. முதலாம் ஆயிரத்தின் முற்பகுதியில், அதாவது இஸ்ரவேல், யூதா அரசுகளின் காலத்தில், நேர் ஊசி மெல்ல மறைந்து இன்னொன்று வந்தது. வளைந்த வில் போன்ற உடல், அதில் பொருத்திய ஊசி, ஊசி முனையைப் பிடித்து வைக்க ஒரு கொக்கி. முழங்கையை மடக்கியது போன்ற வடிவம். இன்று நாம் பத்து ரூபாய்க்கு ஓர் அட்டை வாங்குகிறோமே, அந்த ஊக்கின் மூதாதை இதுதான். 1849இல் அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் என்பவர் ஊக்குக்குக் காப்புரிமை பெற்றார். தத்துவம் என்னவோ அதற்கு மூவாயிரம் ஆண்டு பழையது.

கொண்டை ஊசியின் கதை வேறு. அது உடையை நம்பியதல்ல. கூந்தல் இருக்கும் இடமெல்லாம் கொண்டை ஊசியும் இருந்தது. மொகஞ்சதாரோவில் செம்பு, வெண்கலம், தந்தம், எலும்பு என்று பல பொருளிலும் ஊசிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றின் தலையில் இரண்டு மான் தலைகள் எதிரெதிராகப் பார்க்கின்றன. ஜான் மார்ஷல் 1913 முதல் பல ஆண்டுகள் தோண்டிய தட்சசீலத்திலும் பறவைத் தலை வைத்த ஊசிகள் உண்டு.

யூதப் பெண்களின் கூந்தலைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1963 முதல் 1965 வரை மசாதா மலைக்கோட்டையில் இகேல் யாதின் நடத்திய அகழாய்வில், பாலைவனத்து வறட்சியால் கெடாமல் இருந்த ஒரு பெண்ணின் பின்னிய கூந்தல் அப்படியே கிடைத்தது. அந்தக் கோட்டை ரோமானியரிடம் வீழ்ந்தது கி.பி. 73 அல்லது 74இல். கூந்தலை அவள் பின்னிய விதம் நம் வீட்டில் அம்மாக்கள் பின்னிவிடும் விதத்துக்கு வெகுதூரம் இல்லை.

கருவியா, நகையா?

யூதர்களின் வாய்மொழிச் சட்டங்கள் கி.பி. 200ஐ ஒட்டி ‘மிஷ்னா’ என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. அதில் ஓய்வுநாள் விதிகளைச் சொல்லும் ‘ஷப்பாத்’ என்ற பகுதியின் ஆறாம் அதிகாரம் நம் பொருளுக்கு முக்கியமானது. ஒரு பெண் ஓய்வுநாளில் எதை அணிந்துகொண்டு தெருவில் இறங்கலாம், எதை அணிந்து இறங்கக் கூடாது என்று அங்கே பட்டியலே போட்டிருக்கிறார்கள்.

காரணம் இதுதான். ஓய்வுநாளில் 39 வகை வேலைகளுக்குத் தடை. அவற்றில் ஒன்று, பொருளைத் தூக்கிக்கொண்டு பொதுவழியில் போவது. உடுத்தியிருக்கும் உடையும் அணிந்திருக்கும் நகையும் சுமை ஆகாது. ஆனால் கையாளும் கருவி சுமைதான். அப்படியானால் தலையில் செருகிய ஊசி எதில் சேர்த்தி?

இங்கேதான் அந்தப் பெரியவர்களின் நுணுக்கம் தெரிகிறது. காது உள்ள ஊசி தையல் கருவி. அதைக் குத்திக்கொண்டு வெளியே போனால் குற்றம், பரிகாரப் பலி தர வேண்டும். காது இல்லாத ஊசி அலங்காரத்தின் பக்கம் சேரும். அதோடும் போகக் கூடாதுதான், போய்விட்டால் பலி தேவையில்லை. நகைதானே, பிறகு ஏன் தடை? அதற்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். வழியில் தோழியைப் பார்த்தால் கழற்றிக் காட்டத் தோன்றும், காட்டிவிட்டுக் கையில் வைத்தபடியே நாலு முழம் நடந்துவிடுவாள் என்று! கல்யாண வீட்டில் வளையலைக் கழற்றி, “இதோ பாருங்கோ, புது டிசைன்” என்று நீட்டும் நம் பெண்களை அந்த ரபிமார்கள் எங்கே பார்த்தார்களோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பிற்காலத்து உரையான தால்மூத் இன்னும் துருவிக் கேட்கிறது. காது இல்லாத ஊசியால் என்ன பயன்? கூந்தலைச் சேர்த்து நிறுத்த என்கிறார் ஒருவர். வகிடு எடுக்க என்கிறார் இன்னொருவர். அப்படியானால் வகிடு எடுக்க முடியாத ஓய்வுநாளில் அது எப்படி நகையாகும்? ஊசியின் தலையில் ஒரு பொன் தகடு இருக்கும், வாரநாளில் வகிடு எடுப்பாள், ஓய்வுநாளில் அந்தத் தகடு நெற்றியில் படும்படி வைத்துக்கொள்வாள் என்று விடை வருகிறது. ஆக, ஒரே பொருள் வாரநாளில் கருவி, பண்டிகையில் நகை. இந்த விவாதத்தால் நமக்குக் கிடைத்த லாபம் பெரிது. எந்தக் கல்லறையும் சொல்லாத செய்தியை, அதாவது அந்த ஊசியை ஒரு பெண் எப்படிப் பயன்படுத்தினாள் என்பதை, ஒரு சட்டநூல் நமக்குச் சொல்லிவிட்டது.

அதே பட்டியலில் ‘பொன் நகரம்’ என்று ஒரு தலைநகை வருகிறது. எருசலேம் நகர வடிவில் பொன்னால் செய்த கிரீடம் என்பது மரபான விளக்கம். இதைப் பற்றித் தால்மூதில் ஒரு கதை உண்டு. ரபி அகிவா ஏழையாக இருந்த காலத்தில், அவரை மணந்ததற்காகத் தந்தையின் செல்வத்தை இழந்த மனைவியோடு குளிர்காலத்தில் வைக்கோல் கிடங்கில் படுத்துறங்கினார். காலையில் அவள் கூந்தலில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தனக்கு வசதி வந்தால் அந்தப் பொன் எருசலேமைச் செய்து போடுவேன் என்றாராம். பின்னாளில் செய்தும் போட்டார் என்கிறது நூல்.

கங்கையின் வாசனை

அதே ஆறாம் அதிகாரத்தில் ஊசியோடு சேர்த்துத் தடை சொல்லப்பட்ட இன்னொரு பொருள், பெண்கள் அணிந்துசென்ற வாசனைத் தைலச் சிமிழ். அதில் இருந்த தைலத்தின் பேர் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. நளதம் சேர்த்துச் செய்த உயர்ந்த தைலம் அது. நளதம் என்பது நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் ஜடாமாஞ்சி. இமயமலைச் சரிவில் விளைவது. பைபிள் படித்தவர்களுக்கு ‘நளததைலம்’ என்ற சொல் பழக்கமாக இருக்கும். இயேசுவுக்கு ஒரு பெண் பூசியது அதைத்தான். முந்நூறு வெள்ளிக்காசுக்கு மேல் பெறும் என்று அங்கிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அன்றைய கூலியாளின் ஏறக்குறைய ஓராண்டு வருமானம் அது.

இமயமலை வேர் யூதேயாப் பெண்ணின் சிமிழுக்கு எப்படிப் போனது? கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய ‘எரித்ரேயக் கடல் பயண நூல்’ இதற்கு விடை தருகிறது. கங்கை முகத்தில் ‘கங்கே’ என்றொரு சந்தை நகரம் இருந்தது, அங்கிருந்து நளதமும் முத்தும் மெல்லிய மஸ்லின் துணியும் போயின என்கிறது அந்த நூல். அதே கங்கை நளதம் சேரநாட்டு முசிறித் துறைமுகத்திலும் விற்பனைக்கு இருந்ததாகவும் சொல்கிறது. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ள ‘முசிறி பாப்பிரஸ்’ என்ற கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ஆவணம் இதை உறுதிப்படுத்துகிறது. 1985இல் வெளியான அந்த ஆவணத்தில், ‘ஹெர்மபோலோன்’ என்ற கப்பல் முசிறியிலிருந்து எகிப்துக்கு ஏற்றிச்சென்ற சரக்கில் 60 பெட்டி கங்கை நளதம் கணக்கெழுதப்பட்டிருக்கிறது. நம் பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்தில் கங்கைச் சரக்கு குவிந்திருந்ததைப் பாடுகிறது.

ஆக, வங்காளத்தில் ஏற்றி, தமிழகத்தில் கைமாறி, எகிப்து வழியாக மேற்கே போன சரக்கு அது. இன்று நாம் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போய்வரும் வழியின் கடல்வழிப் பாட்டனார் என்று வைத்துக்கொள்ளலாம்.

சந்திரகேதுகரின் களிமண் பெண்கள்

அந்தக் ‘கங்கே’ நகரம் எது? கொல்கத்தாவிலிருந்து வடகிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில், பாராசாத் தாண்டி டாக்கி சாலையில் பேராசாம்பா என்ற ஊரை ஒட்டி இருக்கும் சந்திரகேதுகர்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. 1956–57 தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் அருங்காட்சியகம் அங்கே அகழாய்வு நடத்தியது. மௌரியர் காலத்துக்கு முன்பிருந்தே மக்கள் வாழ்ந்த இடம் என்று தெரியவந்தது.

அந்த மண்ணின் பெருமை அங்கே கிடைத்த சுடுமண் பெண் உருவங்கள். பெரும்பாலும் உள்ளங்கை அளவே இருக்கும், அச்சில் அழுத்திச் சுட்டவை. கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளை ஒட்டியவை. இடுப்பில் மணிமேகலை, கையில் அடுக்கடுக்காக வளையல், காதில் பெரிய குழை, தலையில் அகன்ற கொண்டை. அந்தக் கொண்டையில், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும், விசிறி போல விரிந்து நிற்கும் ஊசிகள். ஊசித் தலைகள் பூ வடிவமோ பறவை வடிவமோ அல்ல. அங்குசம், கோடரி, சூலம், அம்பு போன்ற ஆயுத வடிவங்கள்! பல உருவங்களில் ஊசிகள் ஐந்து என்பதால் இவளைப் ‘பஞ்சசூடா’, ஐந்து உச்சிகள் கொண்டவள், என்று அறிஞர்கள் அழைக்கிறார்கள்.

இதே வகையில் மிகப் புகழ்பெற்ற உருவம் 1883இல் தாம்லுக்கில், பழைய தாம்ரலிப்தித் துறைமுகத்தில், கிடைத்தது. அது இப்போது இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்து அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் இங்கே பார்க்க வேண்டுமானால் கல்லூரித் தெருவில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் ஆசுதோஷ் அருங்காட்சியகமும், பேஹாலாவில் உள்ள மாநிலத் தொல்லியல் அருங்காட்சியகமும் உண்டு.

இவள் யார்? தெய்வம் என்கிறார்கள், யட்சி என்கிறார்கள், அப்சரஸ் என்கிறார்கள். ஆயுதம் தீமையை விரட்டும் காப்பு என்றும் சொல்கிறார்கள். எனக்கு இதில் தோன்றிய ஓர் ஒப்புமையைத் தமிழ் வாசகர்கள் முன் வைக்கிறேன். சங்க நூல்களில் பெண்ணின் கூந்தலுக்கு ‘ஐம்பால்’ என்று பெயர். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐந்து வகையாக முடிப்பதால் அப்பெயர் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். ஏறக்குறைய ஒரே காலத்தில், கங்கைக்கரையில் ஐந்து ஊசியும் காவிரிக்கரையில் ஐந்து பாலும் பெண்ணின் தலைக்கோலத்துக்கு அடையாளமாக இருந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று நான் வாதிடவில்லை. கூந்தலை ஐந்தாகப் பார்க்கும் பார்வை இரு கரையிலும் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

சொற்களையும் கொஞ்சம் பாருங்கள். நாம் கொண்டை ‘ஊசி’ என்கிறோம். மிஷ்னாவின் எபிரேயச் சொல்லுக்கும் ஊசி என்றுதான் பொருள், தைப்பதற்கும் தலைக்கும் ஒரே சொல். அதனால்தான் அங்கே காது உண்டா இல்லையா என்ற விவாதமே வந்தது. வங்காளிகள் மட்டும் ‘காண்டா’, அதாவது முள் என்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாசிமா தம் வெள்ளிக் கொண்டை ஊசியைக் காட்டி, “இது எங்க மாமியாரோட காண்டா” என்றபோது, மனிதப் பெண்ணின் முதல் கொண்டை ஊசி உண்மையாகவே ஏதோ ஒரு செடியின் முள்ளாகத்தான் இருந்திருக்கும் என்று பட்டது. சொல் பழையதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

நம் நாட்டில் உடை ஊசி ஏன் இல்லை?

சந்திரகேதுகரின் பெண்கள் தலையில் இத்தனை ஊசி இருந்தும் தோளில் ஓர் ஊசியும் இல்லை. தமிழகத்திலும் அப்படியே. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் நடத்திய அகழாய்வில் பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. அவற்றின் முனைகளில் நூல் கோத்துக் கட்டத் துளை இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி அணிந்த தலைநகைகளில் தொய்யகம், புல்லகம் என்றெல்லாம் வருகின்றன. உடையைச் சேர்த்துக் குத்தும் ஊசி எங்கும் இல்லை. காரணம் வெளிப்படை. நம்முடையது பருத்தி. சுற்றுவோம், மடிப்போம், சொருகுவோம், முடிச்சுப் போடுவோம். ஊசி தேவைப்படவில்லை.

அந்தத் தேவை எப்போது வந்தது தெரியுமா? இதே கொல்கத்தாவில், பத்தொன்பதாம் நூற்றாண்டில். இந்தியர்களில் முதல் ஐ.சி.எஸ். அதிகாரியான சத்யேந்திரநாத் தாகூர் 1864இல் பம்பாய் மாகாணத்துக்கு வேலைக்குப் போனார். அவர் மனைவி ஞானதானந்தினி தேவியும் உடன் போனார். அந்தக் காலத்து வங்காளப் பெண்களின் ஒற்றைப் புடவைக்கட்டு வீட்டுக்குள்தான் சரி, வெளியே நாலு பேர் நடுவில் போக உதவாது. பார்சிப் பெண்களின் கட்டைப் பார்த்துத் தானும் ஒரு முறையை வகுத்துக்கொண்டு திரும்பினார். ரவிக்கை, உள்பாவாடை, முந்தானையை இடது தோளில் கொண்டுவந்து ஒரு புரோச் ஊசி. பிரம்ம சமாஜப் பெண்கள் இதை விரும்பி ஏற்றதால் ‘பிரம்மிகா’ கட்டு என்று பேர் வந்தது. அக்காலத்துப் புகைப்படங்களில் தோளில் அந்த ஊசி பளிச்சென்று தெரியும்.

அந்தச் சின்ன ஊசியை அலங்காரம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. முந்தானை நழுவாது என்ற தைரியம் வந்த பிறகு இரண்டு கையும் விடுதலை ஆனது. புத்தகம் பிடிக்கலாம், வண்டியில் ஏறலாம், கூட்டத்தில் நிற்கலாம். மேற்காசியாவில் நாலாயிரம் ஆண்டுக்கு முன்பு கம்பளிக்குச் செய்த வேலையை, அது வங்கத்தில் பெண் வெளியே வருவதற்குச் செய்தது. இன்று காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் பெண் மடிப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று என்று ஊக்கு குத்துவது அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். நம் அம்மாக்கள் தாலிச் சரடில் நாலைந்து ஊக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள். வங்காள அம்மாக்கள் கைவளையலில் கோத்துவைப்பார்கள். கருவியா, நகையா என்று ரபிமார்களைக் கேட்டால் இதற்கும் ஓர் அதிகாரம் எழுதியிருப்பார்கள்!

உலோகம் எங்கே போனது?

இப்போது ஒரு கேள்வி எழும். களிமண் பெண்களின் தலையில் இத்தனை ஊசி இருக்கிறதே, உண்மையான பொன், வெள்ளி ஊசிகள் எங்கே?

உருகிப் போயின என்பதுதான் பெரும்பகுதி விடை. களிமண் உருவம் உடைந்தால் குப்பையில் எறிவார்கள், அது மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். உலோகத்தை யாரும் எறிவதில்லை. பொற்கொல்லரிடம் போய்ப் புதுப் பிறவி எடுக்கும். பைபிளின் யாத்திராகமத்தைப் பாருங்கள். பொற்கன்றுக்குட்டி செய்யக் காதணிகளைக் கழற்றுகிறார்கள். பின்பு ஆசரிப்புக் கூடாரத்துக்காக நகைகளைக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். அந்தப் பட்டியலின் முதல் நகையைப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு கைக்காப்பு என்கிறது, பிந்தைய மொழிபெயர்ப்பு புரோச் என்கிறது. பொருள் உருகிவிட்டதால் சொல்லின் பொருளும் கலங்கிவிட்டது. கூடாரத்துத் தண்ணீர்த் தொட்டியோ பெண்கள் கொடுத்த வெண்கலக் கண்ணாடிகளால் ஆனது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் நம் தென்னாட்டு மேற்குக் கரைக்கே வந்து குடியேறிய ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர், மங்களூர்ப் பக்கத்தில் வெண்கலப் பட்டறை நடத்தினார். ஏடனில் இருந்த கூட்டாளிகள் உடைந்த பழம்பாத்திரங்களை அனுப்பி, இன்ன அளவில் புதிதாக வார்த்துத் தரச் சொல்லி எழுதிய கடிதங்கள் கெய்ரோ யூத ஆலயத்துக் கிடங்கில் கிடைத்தன. உலோகம் கடல் கடந்துபோய் உருகித் திரும்பி வந்திருக்கிறது.

நம் வீடுகளிலும் நடந்தது இதுதானே? என் அம்மாவழிப் பாட்டிக்குப் பின்னந்தலையில் வைக்கும் சிவப்புக்கல் ராக்கொடி ஒன்று இருந்தது. அக்கா கல்யாணத்தின்போது அது வளையலாகிவிட்டது. நகைக்கடைக்காரர் கல்லைத் தனியே பெயர்த்து, அதற்கு எடை கிடையாது என்று ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். “போகட்டும், பொண்ணு கையில இருந்தா என் தலையில இருந்த மாதிரிதான்” என்று பாட்டி சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. பெண்ணின் நகை அவளுடைய சேமிப்பு, ஆபத்துக்கு உதவி, மகளுக்குச் சீர். உருக்குவதற்காகவே சேர்த்தது. ஆனால் அதற்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. ராக்கொடி எப்படி இருந்தது என்று என் பேத்தி கேட்டால், பரதநாட்டியக்காரிகள் வைக்கும் தலைசாமானைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

மண்ணில் மிஞ்சியதற்கும் இன்னொரு ஆபத்து உண்டு. சந்திரகேதுகர் மேட்டில் முறையான ஆய்வு தோண்டியதைவிட, உழும்போதும் குளம் வெட்டும்போதும் வெளிவந்து வியாபாரிகள் கைக்குப் போனவை மிக அதிகம். வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் தனியார் வீடுகளிலும் அவை இருக்கின்றன. உருவம் இருக்கிறது, எந்த அடுக்கில், எந்த வீட்டில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி இல்லை. கானான் கல்லறையில் ஊசி தோளருகே கிடந்ததால்தானே அது உடை ஊசி என்று தெரிந்தது? இடம் தெரியாத பொருள் பாதிப் பொருள்தான். கீழடியில் முறைப்படித் தோண்டியதால்தான் அங்கே கிடைத்த கூர்மையான எலும்பு முனைகளை நெசவுத் தொழிலோடு சேர்த்துப் பார்க்க முடிந்தது. ஒரு சந்தையில் அதே எலும்பு முனையை வாங்கியிருந்தால், கொண்டை ஊசி என்று சொல்லியிருந்தாலும் மறுக்க ஆளில்லை.

கானிங் தெருவிலிருந்து நமக்கு

இந்த ஊருக்கு முதலில் வந்து நிலைத்த யூதர் ஷாலோம் கோஹன். அலெப்போ நகரத்தவர், 1798இல் சூரத் வழியாகக் கல்கத்தா வந்தார். பிறகு பாக்தாதிலிருந்து பலர் வந்தார்கள். 1856இல் போலக் தெருவில் பெத் எல் ஆலயம், 1884இல் கானிங் தெருவில் மகேன் டேவிட் ஆலயம் எழுந்தன. 1881இல் பெண்களுக்கென்று யூதப் பெண்கள் பள்ளி தொடங்கியது. நியூ மார்க்கெட்டில் நஹூம் கடைக் கேக்கை ருசிக்காத கொல்கத்தாத் தமிழர் குறைவு. அது 1902இல் தொடங்கிய யூத வணிகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாலாயிரம், ஐயாயிரம் பேர் வரை இருந்த அந்தச் சமூகம், 1947க்குப் பிறகு இஸ்ரேல், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று பிரிந்து போய்விட்டது. இப்போது விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். ஆலயங்களைப் பார்த்துக்கொள்வதும் முஸ்லிம் குடும்பத்தார்தான். ஆலயங்கள் இரண்டும் 2017இல் புதுப்பிக்கப்பட்டன.

கட்டடம் நிற்கிறது. அந்த வழியில் ஓய்வுநாள் காலையில் நடந்து வந்த பெண்கள் தலையில் என்ன வைத்திருந்தார்கள், அதற்கு வீட்டில் என்ன பேர் என்பதைச் சொல்ல ஆள்கள் குறைந்துவிட்டார்கள். நல்லவேளையாக, இங்கேயே பிறந்து வளர்ந்த எழுத்தாளர் ஜேல் சில்லிமன், குடும்பப் படங்களையும் நினைவுகளையும் திரட்டி இணையத்தில் ஓர் ஆவணக் காப்பகமே அமைத்துவிட்டார். சமூகம் சிறுத்துப்போன பிறகு செய்த வேலை அது. சிறுத்துப்போவதற்கு முன்பே செய்தால் இன்னும் எளிது.

அதனால் நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். லேக் மார்க்கெட், ராஷ்பிகாரிப் பக்கத்தில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தமிழ்க் குரல் கேட்கும். பிள்ளைகள் பெங்களூரு, அமெரிக்கா என்று போக, வீடுகள் கைமாறி வருகின்றன. அடுத்த ஆண்டு மலருக்காக, ஒவ்வொரு குடும்பமும் தலைமுறை நகை ஒன்றைப் படம் எடுத்துக் கொடுங்கள். ராக்கொடி, ஜடைபில்லை, திருகுப்பூ, வெள்ளிக் கொண்டை ஊசி, எதுவானாலும் சரி. நகையின் எடையும் விலையும் எழுத வேண்டாம். யாருடையது, எந்த ஊரில் செய்தது, எந்த நாளில் வைத்துக்கொண்டார்கள், எப்படிச் செருகுவார்கள், வீட்டில் அதற்கு என்ன பேர், இந்த ஐந்தை மட்டும் நாலு வரியில் எழுதுங்கள். ஏற்கெனவே உருக்கியிருந்தால், நினைவிலிருந்து ஒரு காகிதத்தில் வரைந்து கொடுத்தாலும் போதும். என் பாட்டியின் ராக்கொடியை நான் வரைந்து வைத்துவிட்டேன். நடுவில் ஒரு பெரிய கல், சுற்றி எட்டுக் கல், ஓரத்தில் முத்து. பேத்தி அதைப் பார்த்துவிட்டு, “இதைத் தலையில எப்படி நிக்க வைப்பாங்க?” என்று கேட்டாள். அதற்கான விடையையும் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறேன்.